பூச்சிமருந்தும் பிள்ளையும்: கருவறை வழி வேறு, தாய்ப்பால் வழி வேறு

கேட்கப்பட்ட கேள்வி இது: "கர்ப்ப காலத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் தாயின் உடம்பில் பூச்சிமருந்து சேர்ந்தால் பிள்ளைக்கு உண்மையிலேயே பாதிப்பு வருமா? வரும் என்றால், தாய்ப்பாலை நிறுத்திவிட்டுப் பால்பவுடருக்கு மாறிவிடலாமா?"

இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டிருந்தாலும் இவற்றுக்கு ஒரே விடை பொருந்தாது. கருவில் இருக்கும்போது சேரும் பூச்சிமருந்து, தாய்க்கு எந்த அறிகுறியும் தெரியாத சிறிய அளவிலும் பிள்ளையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும் என்பதற்கு வலுவான சான்றுகள் இருக்கின்றன. தாய்ப்பால் வழியாகவும் சில பூச்சிமருந்துகள் போகத்தான் செய்கின்றன; ஆனாலும் மிக அரிதான சில நிலைமைகளைத் தவிர, அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்துவது தவறான முடிவு. முதல் விடையைக் கேட்டுப் பயந்துபோகிறவர்கள் அந்தப் பயத்தில் இரண்டாவது தவற்றைச் செய்துவிடுகிறார்கள் என்பதால் இரண்டையும் பிரித்தே விளக்குகிறேன்.

நாம் "மருந்து" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிற பொருள்கள் உடம்புக்குள் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. டி.டி.டி., பி.எச்.சி., எண்டோசல்பான் போன்றவை ஆர்கனோகுளோரின் வகையைச் சேர்ந்தவை. இந்த வகையில் பெரும்பாலானவை கொழுப்பில் கரைந்து, அங்கேயே ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். நெல் வயல்களில் ஒரு காலத்தில் தாராளமாகத் தூவப்பட்ட பி.எச்.சி. பவுடர் இந்தியாவில் 1997-இல் தடை செய்யப்பட்டது, டி.டி.டி. அதற்கு முன்பே, 1989-இல், விவசாயத்திலிருந்து விலக்கப்பட்டு நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் அரசுத் திட்டங்களுக்கு மட்டும் என்று வரம்பிடப்பட்டது. இன்று பருத்தியிலும் காய்கறியிலும் நெல்லிலும் அடிக்கப்படும் குளோர்பைரிபாஸ், புரொபெனோபாஸ் முதலியவை ஆர்கனோபாஸ்பேட் வகை. இவை சில நாட்களுக்குள் சிதைந்து சிறுநீரில் வெளியேறிவிடும். சிதைந்துவிடுகிறது என்பதால் தீங்கில்லை என்று எண்ணிவிடக் கூடாது. வாரத்துக்கு வாரம் அடிக்கும் இடத்தில் வாழ்கிறவர் உடம்பில் பழையது போவதற்குள் புதியது வந்து சேர்ந்துவிடுகிறது. மூன்றாவது வகை பைரித்ராய்டு. வயலில் அடிக்கும் சைபர்மெத்ரினும் வீட்டில் கொளுத்தும் கொசுவத்திச் சுருளில் இருப்பதும் இந்த ஒரே குடும்பம்தான்.

தாயையும் கருவையும் இணைக்கும் நஞ்சுக்கொடியை, நச்சைத் தடுத்து நிறுத்தும் சுவர் என்று பலர் நினைக்கிறார்கள். பெரிய மூலக்கூறுகளுக்கு அது ஓரளவு தடையாக இருக்கலாம். மேலே சொன்ன மருந்துகள் எல்லாம் சிறியவை, கொழுப்பை விரும்புபவை, எளிதாகக் கடந்துவிடுபவை. ஆர்கனோபாஸ்பேட்டுகள் பூச்சியைக் கொல்வது அதன் நரம்புகளில் உள்ள அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை முடக்கித்தான். நம் நரம்புகளிலும் அதே நொதிதான் வேலை செய்கிறது. வளர்ந்தவருக்கு அது நரம்புச் செய்தியை நிறுத்தி வைக்கும் ஒரு சாதனம் மட்டுமே. கருவிலோ நரம்புச் செல்கள் எங்கே நகர வேண்டும், எதோடு இணைய வேண்டும் என்பதையே இந்த வேதிச் செய்திகள் நெறிப்படுத்துகின்றன. எனவே அங்கே ஏற்படும் குழப்பம் மருந்து வெளியேறிய பின்பும் கட்டமைப்பில் தங்கிவிடலாம். இந்த மருந்துகளின் நச்சை முறிக்க உதவும் பி.ஓ.என்.1 என்ற நொதி, பிறந்த குழந்தையிடம் தாயிடம் இருப்பதில் சராசரியாக நான்கில் ஒரு பங்கே இருக்கிறது. தாய் தாங்கிக்கொள்வதைக் கரு தாங்கிக்கொள்ளாது என்பதற்கு இது ஒரு காரணம்.

இதைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள சலினாஸ் பள்ளத்தாக்கிலிருந்து வந்தது. லெட்யூஸ் கீரையும் ஸ்ட்ராபெரியும் விளையும் அந்த மண்ணில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பத்தினர். 1999–2000-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரெண்டா எஸ்கெனாசியின் குழு அங்கே 601 கர்ப்பிணிகளைச் சேர்த்து, அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளை ஆண்டாண்டாகப் பின்தொடர்ந்தது. ஆய்வுக்குச் "சமாக்கோஸ்" என்று பெயர். மெக்சிகோ ஸ்பானிய மொழியில் சின்னப் பிள்ளைகள் என்று பொருள். கர்ப்ப காலத்தில் தாயின் சிறுநீரில் ஆர்கனோபாஸ்பேட்டின் சிதைவுப் பொருள்கள் எவ்வளவு இருந்தன என்று அளந்து வைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு 7 வயதானபோது 329 பேரின் அறிவுத்திறனைச் சோதித்தார்கள். மிக அதிகமாக மருந்து சேர்ந்த ஐந்தில் ஒரு பங்குத் தாய்மார்களின் பிள்ளைகள், மிகக் குறைவாகச் சேர்ந்த ஐந்தில் ஒரு பங்கினரின் பிள்ளைகளைவிட சராசரியாக 7 புள்ளிகள் குறைவாக எடுத்திருந்தார்கள். இதற்கு முன்பே, 5 வயதில், கவனம் நிலைக்காமை அப்பிள்ளைகளிடம் கூடுதலாக இருந்ததும் பதிவாகியிருந்தது.

அந்த ஆய்வில் நான் மிக முக்கியமாகக் கருதுவது 7 என்ற எண்ணை அல்ல. பிறந்த பிறகு பிள்ளைகளின் சிறுநீரிலும் அதே சிதைவுப் பொருள்களை அளந்தார்கள். அந்த அளவுக்கும் அறிவுத்திறனுக்கும் இடையே அப்படி ஒரு சீரான தொடர்பு தென்படவில்லை. தாயின் வயிற்றில் இருந்தபோது சேர்ந்ததுதான் கணக்கில் நின்றது. உங்கள் இரு கேள்விகளையும் நான் பிரித்து விடை சொல்வதற்கு இதுவே முதல் ஆதாரம்.

இதில் குறை இல்லாமல் இல்லை. கர்ப்ப காலம் முழுவதையும் இரண்டு முறை எடுத்த சிறுநீரை வைத்துக் கணிப்பது கரடுமுரடான அளவீடுதான். தவிர, உணவிலேயே ஏற்கெனவே சிதைந்துபோன பொருளைச் சாப்பிட்டாலும் சிறுநீரில் அதே தடயம்தான் தெரியும். 7 புள்ளி குறைவு என்பதை ஒரு தனிப் பிள்ளையின் தலைவிதி என்று படிக்கவும் கூடாது. ஒரு பிள்ளையிடம் அது கண்ணுக்கே தெரியாமல் போகலாம். ஓர் ஊர்ப் பிள்ளைகள் அனைவரின் சராசரியும் அவ்வளவு இறங்கும்போதுதான், பள்ளியில் திணறுகிறவர்களின் எண்ணிக்கை கூடுவதும் மிகச் சிறப்பாகப் படிப்பவர்களின் எண்ணிக்கை குறைவதும் தெரியவரும்.

சலினாஸ் முடிவுகள் வந்த அதே 2011-இல், வயலே இல்லாத நியூயார்க் நகரத்திலிருந்தும் அதே திசையில் முடிவுகள் வந்தன. வடக்கு மன்ஹாட்டன், தெற்கு பிராங்ஸ் பகுதிகளின் அடுக்குமாடி வீடுகளில் கரப்பான்பூச்சிக்காக அடிக்கப்பட்ட குளோர்பைரிபாஸைக் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொப்புள்கொடி இரத்தத்தில் நேரடியாகவே அளந்தார்கள். 265 பிள்ளைகளை 7 வயதில் சோதித்தபோது, கொடி இரத்தத்தில் மருந்து கூடக்கூட அறிவுத்திறனும், அதைவிடக் கூடுதலாக, சொன்னதை மனத்தில் நிறுத்தி வேலை செய்யும் நினைவாற்றலும் குறைந்து வந்தன. இந்த ஆய்வுக்கு இடையிலேயே எதிர்பாராத ஒரு சோதனை நிகழ்ந்தது. 2000-இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி அமெரிக்காவில் குளோர்பைரிபாஸின் வீட்டுப் பயன்பாடு படிப்படியாக விலக்கப்பட்டது. அதுவரை, கொடி இரத்தத்தில் மருந்து அதிகமிருந்த குழந்தைகள் எடை குறைந்து பிறந்தார்கள். 2001 ஜனவரிக்குப் பிறகு பிறந்தவர்களிடம் மருந்தின் அளவு வெகுவாகக் குறைந்து, அந்தத் தொடர்பும் மறைந்துபோனது. வறுமையோ தாயின் படிப்போதான் உண்மையான காரணம் என்று வாதிடுபவர்களுக்கு இதைவிட நேரடியான பதில் கிடைப்பது கடினம். ஏனெனில் அந்த ஓராண்டில் அந்தப் பகுதியின் வறுமை மாறிவிடவில்லை.

உற்பத்தியாளர்கள் இந்த மனித ஆய்வுகளை ஏற்கவில்லை. தங்கள் எலிச் சோதனையில் மூளை வளர்ச்சிக்குப் பாதிப்பு இல்லை என்று அறிக்கை கொடுத்திருந்தார்கள். அந்தச் சோதனையின் மூலத் தரவுகளை ஐரோப்பிய ஆய்வாளர்கள் மூவர் மீண்டும் கணக்கிட்டு 2018-இல் வெளியிட்டபோது, குட்டிகளின் சிறுமூளை அளவு குறைந்திருந்ததும் அறிக்கையின் முடிவில் அது இடம்பெறாததும் வெளியே வந்தன. 2020-இல் ஐரோப்பிய ஒன்றியம் குளோர்பைரிபாஸின் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. அமெரிக்கா 2021-இல் உணவுப் பயிர்களில் அதை நிறுத்தியதும், 2023-இல் ஒரு நீதிமன்றம் அந்த ஆணையை நீக்கியதும் வேறு கதை. 2025-இல், எளிதில் சிதையாத நச்சுப் பொருள்களுக்கான பன்னாட்டு ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் விலக்கப்பட வேண்டிய பொருள்களின் பட்டியலில், சில பயன்பாடுகளுக்கு விதிவிலக்குடன், அது சேர்க்கப்பட்டது.

எந்த மாதத்தில் ஆபத்து அதிகம் என்று கேட்பவர்களுக்கு டென்மார்க்கின் பசுமைக்குடில் பெண்களைச் சொல்ல வேண்டும். அந்நாட்டில் பூக்களும் செடிகளும் வளர்க்கும் பசுமைக்குடில்களில் வேலை செய்யும் பெண் கருவுற்றால், தெரிந்தவுடனே மருந்து படாத வேலைக்கு மாற்றுவார்கள், அல்லது விடுப்பு கொடுப்பார்கள். அப்படியிருந்தும், 1997–2001-இல் அவர்களுக்குப் பிறந்த ஆண் குழந்தைகளில் 6.2 விழுக்காட்டினருக்கு விரைகள் விரைப்பைக்குள் இறங்காமல் இருந்தன. ஒப்பிடப்பட்ட கோபன்ஹேகன் குழந்தைகளில் அது 1.9 விழுக்காடு. மருந்து பட்ட தாய்மாரின் பிள்ளைகள் எடை குறைந்து பிறந்ததும், பள்ளி வயதில் உடற்கொழுப்புக் கூடுதலாக இருந்ததும் பின்னர் தெரியவந்தன. பாதுகாப்பு வந்து சேர்வதற்கு முந்திய அந்தச் சில வாரங்களே போதுமானவையாக இருந்திருக்கின்றன. கருவின் நரம்புக்குழாய் மூடிக்கொள்வதே கருத்தரித்த நான்காவது வாரத்தில்தான். பல பெண்களுக்கு அப்போது நாள் தள்ளிப்போனது மட்டுமே தெரிந்திருக்கும். ஆகவே, "உறுதியான பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற அணுகுமுறை இங்கே பலிக்காது. குழந்தைக்குத் திட்டமிடும்போதே மருந்து வேலையிலிருந்து விலகிவிட வேண்டும்.

நமக்கு அருகில், கேரளத்தில் உள்ள காசர்கோட்டைப் பற்றியும் கேட்பீர்கள். முந்திரித் தோட்டங்களில் 2000 வரை இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்பான் தெளிக்கப்பட்டது. தெளிப்பு நின்று மாதங்கள் கழிந்த பின்பும் அங்குள்ள பள்ளிப் பிள்ளைகளின் இரத்தத்தில் அது இருந்ததையும், ஆண் பிள்ளைகள் பருவமடைவது தாமதமானதையும் 2003-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. உச்ச நீதிமன்றம் 2011-இல் நாடு முழுவதும் அதைத் தடை செய்ததோடு, பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் வழங்கும்படி 2017-இல் ஆணையிட்டது. அந்த ஊர்களில் காணப்படும் ஒவ்வொரு பிறவிக் குறைபாட்டுக்கும் எண்டோசல்பான்தான் காரணம் என்று அறிவியல் வழியில் தனித்தனியாக நிறுவ முடியாது. நீர்நிலைகள் மேலேயும் வீடுகள் மேலேயும் அதைக் கொட்டியதை நியாயப்படுத்தவும் முடியாது.

இனித் தாய்ப்பால். பால் வழியாக நஞ்சு போய்க் குழந்தைகளை அழித்த ஒரு கொடுமையான நிகழ்வு உண்டு என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 1950-களின் நடுவில் தென்கிழக்குத் துருக்கியில், விதைப்பதற்காகக் கொடுக்கப்பட்ட கோதுமையில் பூஞ்சைக்கு எதிராக ஹெக்சாகுளோரோபென்சீன் பூசியிருந்தது. வறுமையில் மக்கள் அந்த விதையையே அரைத்து ரொட்டியாக்கி உண்டார்கள். ஆயிரக்கணக்கானோருக்குத் தோல் கொப்பளிக்கும் பார்ஃபிரியா நோய் வந்தது. அந்தத் தாய்மாரிடம் பால் குடித்த குழந்தைகளுக்குத் தோலில் இளஞ்சிவப்புப் புண்கள் தோன்றின. ஊரார் அதை "பெம்பே யாரா", அதாவது இளஞ்சிவப்புப் புண், என்றார்கள். அக்குழந்தைகளில் பெரும்பாலோர் இறந்தனர்; சில ஊர்களில் இரண்டு முதல் ஐந்து வயது வரையிலான பிள்ளைகளே இல்லாமல் போயினர். கொழுப்பில் தேங்கும் நஞ்சு தாயின் உடம்பில் மிகப் பெரும் அளவில் சேர்ந்தால் பால் அதைப் பிள்ளைக்குக் கடத்தும் என்பது இதில் ஐயமின்றி வெளிப்பட்டது.

ஆனால் அந்தத் தாய்மார்கள் நஞ்சு பூசிய தானியத்தையே நாள்தோறும் உணவாக உண்டவர்கள். சாதாரணமாகத் தாய்ப்பாலில் காணப்படுவது சுற்றுச்சூழலிலிருந்து சேரும் மிகச் சிறிய எச்சம். அந்த அளவில் நிலைமை வேறாக இருப்பதை இரண்டு ஆய்வுகள் காட்டுகின்றன. ஸ்பெயினின் ஃப்ளிக்ஸ் என்ற சிற்றூரில் நீண்ட காலமாக ஆர்கனோகுளோரின் மாசு வெளியிட்டு வந்த ஓர் ஆலை உண்டு. அப்பகுதியில் 92 குழந்தைகளைப் பின்தொடர்ந்தபோது, டி.டி.டி.-யின் சிதைவுப் பொருள் கொடி இரத்தத்தில் அதிகமிருந்த பிள்ளைகள் 13-ஆம் மாதத்தில் மன வளர்ச்சியிலும் உடல் இயக்கத்திலும் பின்தங்கியிருந்தனர்; ஆனால் நீண்ட நாள் தாய்ப்பால் குடித்தவர்கள் மேலான நிலையில் இருந்தனர். பால் வழியாக அந்த நஞ்சு அவர்களுக்கு மேலும் போயிருந்தும் இப்படி. சலினாஸ் தாய்மாரிடம் டி.டி.டி.-யை அளந்தபோதும், உடம்பில் அது அதிகமிருந்த தாய்மாரின் குழந்தைகளுக்கும் தாய்ப்பால் நன்மையே செய்தது. கருவறையில் நேர்ந்த இழப்பைத் தாய்ப்பால் ஓரளவு ஈடுகட்டுகிறது என்றே நான் இவற்றைப் படிக்கிறேன். அதை நிறுத்தினால் இழப்பு இரண்டாகும்.

இன்று அதிகம் பயன்படும் ஆர்கனோபாஸ்பேட்டுகள் உடம்பில் தேங்காமல் சிதைவதால் பாலில் சேரும் அளவும் குறைவு. கொழுப்பில் தேங்கும் பழைய வகைகளின் அளவு பால் கொடுக்கக் கொடுக்கக் குறைந்துகொண்டே வரும். முதல் பிள்ளைக்குச் சற்றுக் கூடுதலாகவும் அடுத்தடுத்த பிள்ளைகளுக்குக் குறைவாகவும் போகும். பாலூட்டும் மாதங்களில் பட்டினி கிடந்து வேகமாக எடை குறைக்க முயல்வது கொழுப்பில் உறங்கும் நஞ்சை ஒரேயடியாக இரத்தத்துக்குள் இறக்கும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும். பால்பவுடர் மாற்று வழி என்று நினைப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: மருந்து அடிக்கும் ஊரில் அந்தப் பவுடரைக் கரைக்கப்போகும் தண்ணீரும் அதே ஊர்க் கிணற்றிலிருந்தோ ஆழ்துளைக் குழாயிலிருந்தோ வருவதுதான். வயிற்றுப்போக்கால் பச்சிளங்குழந்தைக்கு வரும் ஆபத்து உடனடியானது. முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே என்ற உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை விவசாயக் குடும்பங்களுக்கும் அப்படியே பொருந்தும்.

அப்படியானால் எதை மாற்ற வேண்டும்? கர்ப்பிணியும் பாலூட்டும் தாயும் மருந்து கலக்கவோ அடிக்கவோ கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் நடப்பவைதான் அதிகம். காலையில் மருந்து அடித்த பருத்திக் காட்டில் மாலையில் களை எடுப்பதும் காய் பறிப்பதும் இலையில் ஒட்டிய மருந்தைத் தோல் வழியாக உடம்பில் ஏற்றிக்கொள்வதுதான். லேபிளில் எத்தனை நாள் இடைவெளி போட்டிருக்கிறதோ அதுவரை வயலுக்குள் இறங்கக் கூடாது. கணவர் மருந்து அடித்துவிட்டு வந்த சட்டையை மனைவி கையால் துவைப்பது நம் வீடுகளில் யாரும் யோசிக்காத ஒரு வழி. அந்தத் துணியை அவரே தனியாக அலச வேண்டும். குளித்து மாற்றுத்துணி உடுத்திய பிறகே குழந்தையைத் தூக்க வேண்டும். தெளிப்பானும் டப்பாக்களும் வீட்டுக்குள் இருக்கக் கூடாது. காலி டப்பாவில் தண்ணீர் பிடிப்பது எவ்வளவு கழுவினாலும் தவறு. தலைப்பேனுக்கு வயல் மருந்தைத் தேய்ப்பதும், படுக்கும் அறையில் அடுக்கிய நெல் மூட்டைக்குள் பூச்சி கொல்லும் மாத்திரை வைப்பதும் உயிரையே பறித்துவிடும். கொசுவுக்குச் சுருளைவிட வலையே மேல். காய்கறிகளை ஓடும் நீரில் தேய்த்துக் கழுவினால் மேல் எச்சத்தில் ஒரு பகுதி போகும். எச்சத்துக்குப் பயந்து கீரையையும் பழத்தையும் விட்டுவிடும் கர்ப்பிணிக்கு நட்டமே மிஞ்சும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடக்கத்திலிருந்தே தவறாமல் எடுத்துக்கொள்ள வேண்டும். பூச்சிமருந்தோடு தொடர்புபட்ட ஆட்டிச அபாயம், கருத்தரித்த முதல் மாதத்தில் போதிய ஃபோலிக் அமிலம் எடுத்த தாய்மாரிடம் குறைவாக இருந்ததாக ஒரு கலிபோர்னியா ஆய்வு காட்டியிருக்கிறது.

பாலூட்டலைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டிய அரிதான நிலைமை, தாய்க்கே கடும் நச்சேற்றம் நேர்வது. மருந்து மேலே கொட்டியோ மூச்சில் ஏறியோ எச்சில் பெருகுதல், மிகையான வியர்வை, கண்பாவை சுருங்குதல், மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றினால் உடையைக் களைந்து உடம்பைச் சோப்புப் போட்டு நீரால் கழுவிவிட்டு, மருந்துப் புட்டியையோ அதன் லேபிளையோ கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எந்த வகை மருந்து என்பது தெரிந்தால்தான் முறிமருந்தைத் தீர்மானிக்க முடியும். கர்ப்பமாக இருக்கிறாள் என்பதற்காக அட்ரோபின் போன்ற சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது, ஏனெனில் தாயின் மூச்சு நின்றால் கருவுக்கும் வழியில்லை. பாலூட்டுபவராக இருந்தால் அந்தச் சில நாட்களுக்குப் பாலைப் பீய்ச்சி வெளியேற்றிவிட்டு, மருத்துவர் சொன்னவுடன் மீண்டும் கொடுக்கத் தொடங்கலாம். இடையில் பீய்ச்சாமல் விட்டால் பால் வற்றிவிடும்.